படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கல்லூரிக்குத் தெரிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 17 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, புதுமைப்பெண் திட்டத்துக்குப் பேப்பர் சேர்ப்பது, கடைசி வருட புராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் என்று அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சேரும் நாளிலிருந்து முடிக்கும் நாள்வரை என் கடைக்கு வந்து போகிறார்கள். முடித்த பிறகும் பலர் வருகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள். வேலை கிடைத்த மாணவர்களின் போட்டோ, கீழே கம்பெனி பெயர், வருடச் சம்பளம். சந்தோஷம்தான், கஷ்டப்பட்டு வாங்கிய வேலை. ஆனால் பி.ஏ. வரலாறு படிக்கும் ஒரு பெண் என் கடையில் நின்றுகொண்டு, "எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்கூட இல்லண்ணா, நாங்க படிச்சது வேஸ்டா?" என்று கேட்டாள். அதே டிபார்ட்மென்ட்டில் படித்த ஒருவர் இன்றைக்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அந்தத் தேர்வுக்கு என் கடை கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பம் போட்டார். அவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கல்லூரிக்கே தெரியாது.

காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர் ஒருவரின் மகள் பி.காம். முடித்துவிட்டு தம்புச்செட்டித் தெருவில், ஏற்றுமதி இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சின்ன சம்பளத்துக்குச் சேர்ந்தாள், அந்தச் சம்பளத்தை எந்த பேனரிலும் போட மாட்டார்கள். இன்று இறால் கன்டெய்னருக்கு ஷிப்பிங் பில் போடுவதிலிருந்து கஸ்டம்ஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுவதுவரை அவள் பொறுப்பு. இங்கே கரையேறும் சரக்கு எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்பதை அந்த வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான். கெமிஸ்ட்ரி படித்த பையன் மணலியில் ஒரு தொழிற்சாலையின் லேபில் இருக்கிறான். பாக்சிங்கை விடாமலே டிகிரி முடித்த இன்னொருவன் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்துக்குப் போய் கோச்சிங் டிப்ளமா வாங்கிவந்து, காலை ஐந்தரை மணிக்கு நம் ஏரியா பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறான்.

முதல் வேலையை வைத்து ஒரு பட்டதாரியை எடை போடவே கூடாது. சர் சி.வி. ராமன் 1907-ல் நம் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, நேராகப் போய்ச் சேர்ந்தது கல்கத்தாவில் அரசு நிதித்துறைக் கணக்கு அதிகாரி வேலைக்கு. பகலில் ஆபீஸ், மற்ற நேரத்தில் ஆராய்ச்சி என்று பத்து வருடம் ஓட்டி, 1917-ல்தான் பேராசிரியர் ஆனார், 1930-ல் நோபல் பரிசு. கிண்டியில் இன்ஜினீயரிங் படித்த கிரிக்கெட் வீரர் வெங்கட்ராகவன் இந்தியாவுக்கு 57 டெஸ்ட் ஆடினார், அப்புறம் 73 டெஸ்டில் அம்பயராக நின்றார். படித்து முடித்த வருடத்திலேயே கணக்கு எடுத்திருந்தால் இதில் எது தெரிந்திருக்கும்?

கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மட்டும் கல்லூரிகள் பழைய மாணவர் பட்டியலைத் தேடி அலைகின்றன. இரவோடு இரவாக பிரின்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள், பாதிப் பேருக்குப் பழைய போன் நம்பர். குழு போனதும் அந்த ஃபைல் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு துறையும் ஒரு பதிவேடு வைத்து, முடித்தவர்களை வருடம் ஒருமுறை போனில் கூப்பிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினால் போதும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் முதல்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கு, இந்தப் படிப்பு படித்தால் எங்கெல்லாம் போகலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

உங்கள் பத்திரிகையும் ஜூன் மாதத்தில் பெரிய சம்பளக்காரர்களை மட்டும் போடாமல் இவர்களுக்கும் ஒரு பத்தி இடம் கொடுங்கள்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிவிட்டேன். லீவு நாளில் கல்லூரிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசத் தயார் என்கிறார், அந்தப் பெண்ணும் தன் வகுப்பில் இருபது பேரைச் சேர்த்து வைத்திருக்கிறாள். கல்லூரி ஒரு ஹாலைத் திறந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81