உல்லாசப் பயணம் அல்ல, நேர்த்திக்கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் "உல்லாசப் பயணம் சென்ற குடும்பத்தின் உழவு இயந்திரப் பெட்டி குடைசாய்ந்தது, சிறுவன் காயம்" என்று ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அந்தக் குடும்பம் எங்களுடையது. அந்தச் சிறுவன் என் மகளின் மகன். பெட்டி குடைசாய்ந்தது உண்மை, பிள்ளையின் கை முறிந்ததும் உண்மை. ஆனால் "உல்லாசம்" என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்?

நாங்கள் போனது பாணமைக்கு அப்பால் இருக்கும் உகந்தை முருகனிடம். பேரன் ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்த நாட்களில், இவன் பிழைத்தால் ஐந்து வயதில் உகந்தையில் முடி இறக்குவேன் என்று நேர்ந்தவள் நான். இந்த ஆடியோடு அவனுக்கு ஐந்து வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைச் சனம் ஆடியில் உகந்தைக்கு எதற்காகப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்படிப் போகிறோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் மாமனார் காலத்தில் கூடார வண்டி. மாட்டுக்கு வைக்கோலும் மனிதருக்கு அரிசியும் ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் போவார்களாம். இன்று மாட்டுக்குப் பதில் உழவு மெசின், வண்டிக்குப் பதில் அது இழுக்கும் பெட்டி. மூங்கில் வளைத்து, படங்கு இழுத்துக் கட்டி, வைக்கோல் பரப்பி மேலே பாய் போட்டால் அதுதான் எங்கள் வீடு. சமையல், படுக்கை எல்லாம் அதிலேதான். பதினொரு பேர் போனோம். மண்முனைப் பாலம் கடந்து, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று மெல்ல மெல்லப் போய், இரவு திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி சந்நிதியில் தங்கினோம். வான் பிடித்துப் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் நாலைந்து நாள் சாமானுக்கும் வான் கூலி என்ன என்று அவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அறுகம்பேயில் அலைச்சறுக்க வருகிறவர்களுக்கு "உல்லாசம்" பொருந்தும், அதில் எனக்குக் குறை இல்லை. எங்களுக்கு அது பொருந்தாது.

செய்தியில் "சாரதியின் கவனயீனமே காரணம்" என்றும் போட்டிருந்தீர்கள். சாரதி என் கணவர். நாற்பது வருடமாக மெசின் ஓட்டுகிறவர். எங்கள் பக்கம் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியை மெசினோடு கோக்கும் இரும்புப் பின் கழலாமல் அதன் அடியில் மாட்டும் கிளிப் அறுவடை நேரம் வயலில் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு ஆணியை வளைத்துப் போட்டிருந்தோம். கோமாரியில் இறங்கித் தேநீர் குடித்தபோது, பிள்ளைகள் முன்னுக்குக் காலை நீட்டிப் படுக்கட்டும் என்று தண்ணீர்ப் பரலையும் அரிசி மூட்டையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அது என் பிழை. பாரம் சில்லுக்குப் பின்னால் போனால் பெட்டியின் முன் கம்பி மேலே எழும்பப் பார்க்கும். பாரம் முன்னுக்கு இருந்தால்தான் அது கொழுக்கியில் அழுந்தி நிற்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது.

ஆனால் பாணமை தாண்டி ஒரு மதகடியில் மாரித் தண்ணீர் அரித்துவிட்டுப் போன பள்ளம் இருந்ததே, அதை யார் எழுதுவது? மாரி முடிந்து எத்தனை மாதம்! ஒரு கல்லில் வெள்ளை பூசி வைக்கவும் ஆளில்லை. சில்லு அதற்குள் இறங்கி ஏறியதும் கம்பி துள்ளியது, ஆணி அறுந்தது, பின் கழன்றது. பெட்டியின் முகம் மண்ணில் குத்தி ஒரு பக்கமாகச் சரிந்தது. மெசின் சத்தத்தில் எங்கள் கூக்குரல் என் கணவருக்குக் கேட்கவில்லை. அவர் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போகும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பாய்க்கும் பானைக்கும் அடியில் கிடந்து கத்தினோம். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், ஆசிரியர் அவர்களே.

முதலில் ஓடிவந்தவர்கள் பாணமைக்காரர்கள். சிங்களமும் தமிழும் கலந்து வாழும் ஊர் அது. வயதான ஐயா ஒருவர், சிங்களவர்தான், "பயப்படாதே மகள்" என்று தமிழில் சொல்லி, தடி வெட்டி, தன் தோள் துண்டைக் கிழித்துப் பிள்ளையின் கையை அசையாமல் கட்டினார். அவருடைய மகன் தன் சின்ன லொறியில் எங்களைப் பொத்துவிலுக்குக் கொண்டுபோனார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். உங்கள் செய்தியில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் யாரிடமும் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. பிறகு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. மாமனார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு இது. மண்முனையில் பாலம் இல்லாத நாளில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். பாதை வராத நேரம் பிள்ளைத்தாய்ச்சிகளோடு கரையில் காத்திருந்திருக்கிறோம். அதையெல்லாம் எழுதிப் போட்ட கடிதங்கள் வெளிவந்ததில்லை. 2014இல் பாலம் திறந்தபோது மட்டும் பெரிய படம் போட்டீர்கள். 2021இல் உரம் இல்லாமல் எங்கள் வேளாண்மை மஞ்சளித்துக் கிடந்தது. அதற்குக் கிடைத்தது உள்பக்கத்தில் மூன்று வரி. யானை வந்து குடிசையைப் பிரித்தால் இரண்டு வரி. அதில் ஊர்ப் பெயரும் பிழை. அடுத்த வருடம் டீசலுக்காகக் கானோடு இரவிரவாக வரிசையில் நின்றோம். அந்தப் படத்தின் கீழே எங்களைப் பதுக்கல்காரர்கள் என்கிற மாதிரி ஒரு குறிப்பு. அப்போதெல்லாம் நான் எழுதவில்லை. சரி, அவர்களுக்கு எத்தனையோ வேலை என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை விட முடியவில்லை. செய்தி வந்த மறுநாள் தேநீர்க் கடையில் ஒருவர் என் கணவரிடம், "உல்லாசம் போய்ப் பிள்ளையின் கையை முறிச்சிட்டீங்களாமே" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் கடைப்பக்கம் போகவில்லை. மெசினையும் தொடவில்லை. பேரனின் கையில் பிளாஸ்டர் இருக்கிறது, ஆறு கிழமையில் அது கழன்றுவிடும்.

நான் கேட்பது இரண்டுதான். "உல்லாசப் பயணம் சென்ற" என்பதை "நேர்த்திக்கடன் நிறைவேற்றச் சென்ற" என்று திருத்தி, அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். ஆவணியில் மண்டூர்த் திருவிழா வருகிறது, அதை அடுத்துக் கொக்கட்டிச்சோலைத் தேர். பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உங்கள் பத்திரிகையைப் பார்ப்பார்கள். கோக்கும் இரும்புப் பின்னில் ஆணி போடாமல் கிளிப் போடுங்கள், பெட்டிக்கும் மெசினுக்கும் நடுவே ஒரு சங்கிலி கட்டுங்கள், பாரத்தை முன்பக்கம் ஏற்றுங்கள் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட்டால் போதும். சங்கிலி இருந்திருந்தால் பெட்டி மெசினை விட்டுப் பிரிந்திருக்காது.

நேர்த்தி இன்னும் தீரவில்லை. பிளாஸ்டர் கழன்றதும் பஸ் பிடித்து உகந்தைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி