பருப்பு ஒட்டாத கோழி

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் என் மகளைப் பற்றிக் கேட்டபோது, "நன்றாக இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். உங்கள் கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை தொங்கியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு பேச்சு வரவில்லை. உங்களுக்கு மட்டும் தனியாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் 2020இல் பெற்றோர் குழுவில் நான் குரல் பதிவாகப் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது; ஆகவே இதையும் அவர்கள் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதப்போவதில்லை.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, நீங்கள் அனுப்பிய பாடக் குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு நிமிடம்கூட இல்லை. பழைய அட்டையில் கோழி ஒன்று வரைந்து, உடலுக்குத் துவரம்பருப்பும் வாலுக்குப் பச்சைப்பயறும் கண்ணுக்கு ஒரு மிளகும் ஒட்டச் சொன்னீர்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பழகிய பிள்ளைக்கு நாளைக்குப் பென்சில் பிடிப்பது சுலபம் என்றும் சொன்னீர்கள். மழலையர் வகுப்பென்றால் பெற்றோருக்கு வழிகாட்டுவதற்கே நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசின் நெறிமுறை ஜூலையில்தான் வந்தது. நீங்களோ ஏப்ரலிலேயே நான்கு நிமிடத்தில் பேசி முடித்து, பிள்ளைகளைத் திரையிலிருந்து தரைக்கு அனுப்பிவிட்டீர்கள். இதையெல்லாம் இப்போது என்னால் சொல்ல முடிகிறது.

அன்று வீட்டில் இருந்தது ரேஷனில் கிடைத்த பருப்பு மட்டும்தான். திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு நான்கு சனிக்கிழமைகள் வெறுமனே போவது என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசு கொடுத்த 1,000 ரூபாய் மளிகைக் கடைப் பாக்கிக்கே போய்விட்டது. நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தபோது, மகள் பருப்பு டப்பாவைத் திறந்து வைத்து, சோற்றுப் பருக்கைகளை நசுக்கிப் பசையாக்கி, கோழியின் கழுத்தில் இரண்டு வரிசை ஒட்டி முடித்திருந்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அடுத்த பருப்பை வைக்கப்போன அந்தக் கையின் மேல் அடித்தேன். டப்பா கவிழ்ந்து பருப்பு தரையெல்லாம் சிதறியது. அவள் அழவில்லை. குத்துக்காலிட்டு அமர்ந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அடுப்படிப் பக்கம் உருண்டவற்றையும் விடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அவள் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பெற்றோர் குழுவில் நான் அப்படிப் பேசினேன். பருப்பு மிஞ்சிக் கிடக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உங்கள் பாடமா என்று கேட்டேன். கேட்ட கேள்வி தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சமைக்கிற பொருளை விளையாடக் கொடுக்கச் சொல்லும் முன், அதைச் சமைக்கவே யோசிக்கிற வீடுகள் வகுப்பில் உண்டா என்று நீங்கள் ஒரு முறை எண்ணிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதை உங்களிடம் தனியாகச் சொல்லாமல், நாற்பது பேர் கேட்கும்படி, அதுவும் அந்தக் குரலில் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் பதிலே சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பருப்பும் அரிசியும் உங்கள் பதிவுகளில் வரவே இல்லை. வெங்காயச் சருகு, தீப்பெட்டி, வேப்பங்குச்சி என்று காசில்லாத பொருள்களாகவே வந்தன. மே மாதம் முகக்கவச ஆர்டருக்காகக் கம்பெனி திறந்து, வெட்டி மிஞ்சிய துணியான கட்டிங் வேஸ்ட்டை நான் கொண்டுவரத் தொடங்கிய சமயத்தில், பனியன் துணியைக் குறுக்கே பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும், அதில் சடை பின்னச் சொல்லிக்கொடுங்கள் என்றீர்கள். பதினோரு வருடம் அந்தத் துணியோடே இருந்த எனக்கு அதைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தோன்றியதில்லை. மகள் அந்தச் சுருள்களை வெட்டி, கோழியின் மீதி உடலை ரோஸ் நிறத்தில் நிரப்பினாள்.

அடுத்து நடந்ததைப் பற்றி அளந்துதான் எழுத முடியும். சம்பந்தப்பட்டவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை வாங்கலாம் என்று ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், அதையும் கட்ட மாட்டோம் என்று பெற்றோரிடமிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் போனது. அதை எழுதியது நான் அல்ல. என் குரல் பதிவை அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். நான் தடுக்கவில்லை, கையெழுத்தும் போட்டேன். கட்டப் பணம் இல்லை என்பது உண்மை. ஆகஸ்டில் குழுவிலிருந்து உங்கள் எண் நீங்கியது.

ஏப்ரலிலிருந்தே உங்களுக்குச் சம்பளம் வரவில்லை என்பது எனக்கு மறு வருடம்தான் தெரியும். ஏன் மிஸ் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேனா? நீங்கள் பேசாமல் இருந்துவிட்டீர்கள். அதனால் இத்தனை வருடமும் நான் உங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், மிஸ் ஊரில் இல்லை என்று சொல்லிவந்தேன். இனி அப்படிச் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையோடு உங்கள் வீட்டுக்கு வருவாள். கழுத்தில் ஒட்டிய இரண்டு வரிசைப் பருப்பையும் வண்டு துளைத்துவிட்டது. புதிதாக ஒட்டட்டுமா என்று என்னிடம் கேட்டாள். மிஸ்ஸிடம் கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். பருப்பு கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவியின் அம்மா