அம்மாவுக்கு, நாட்டிங்காமிலிருந்து

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, திட்டாதே. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. மாடியில் காயப்போட்ட வடகத்தில் மறுபடியும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் ராட்கிளிஃப் ஞாபகம்தான் வந்தது. பார்க்வே ஸ்டேஷன் பக்கத்தில் எட்டு ராட்சதக் கோபுரங்கள் என்று போட்டோ அனுப்பினேனே, அந்த அனல்மின் நிலையம்.

அதை 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள் அம்மா. இந்த நாட்டில் நிலக்கரியில் ஓடிய கடைசி நிலையம். 1882-இல் லண்டனில் ஆரம்பித்த பழக்கம், 2012-இல்கூடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் கரண்ட் கரியில்தான், அப்புறம் பன்னிரண்டே வருஷத்தில் பூஜ்யம்! கரியை எரித்தால் வரி என்று கட்டுப்படியாகாமல் செய்தார்கள், கடலுக்குள் காற்றாலை நட்டார்கள். இன்னும் கேஸ் எரிக்கிறார்கள், அதனால் ரொம்பவும் மெச்ச மாட்டேன். ஆனால் நடக்கவே நடக்காது என்று அத்திப்பட்டில் நாம் நினைத்தது இங்கே நடந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன் இல்லையா, ஷோகேஸில் ஒரு கரிக்கட்டியைச் சாமி மாதிரி வைத்திருக்கிறார், தினமும் துடைக்கிறார். நிலையம் மூடியதில் வருத்தமா என்று கேட்டேன். நெஞ்சைத் தட்டி இருமிக் காட்டினார், அவ்வளவுதான். மற்றபடி என் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்து, பால் பாட்டிலைக் கழுவாமல் போட்டதற்குத் திட்டுவதுதான் அவருக்கு வேலை.

குளிர் பரவாயில்லை. நான் ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, ரெண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடையில் இறால் வாங்கினேன், எண்ணூர் இறாலின் வாசனையே இல்லை, பாதி சாப்பிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் விழுந்தாலும் பரவாயில்லை, அந்த வடகத்தைக் கொஞ்சம் அனுப்பு.

சரி, நம் வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டும் விஷயம். தம்பி சொல்வது சரிதான், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஆனால் அது பேனல் மாட்டிய பிறகுதான் வரும், முதலில் நாம்தான் போட வேண்டும். இந்த மாதம் வேண்டாம், தை பிறக்கட்டும், என் பங்கை அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஈ.பி. இணைப்பைத் தாத்தா பேரிலிருந்து மாற்றியாக வேண்டும், அதற்குப் பெரியப்பா கையெழுத்து போட வேண்டும். நீ போய்க் கேட்காதே, மாடியிலும் பங்கு என்று ஆரம்பிப்பார். அத்தையை விட்டுப் பேசச் சொல். வாரிசு சான்றிதழ் பீரோவில் பச்சை ஃபைலில் இருக்கிறது, நகல் மட்டும் கொடு, ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே.

அப்பாவின் கண் ஆபரேஷன் தேதியைத் தம்பியை எனக்கு மெசேஜ் போடச் சொல்.

உன் மகன்,
செல்வம்