மேசை மேலிருக்கும் நாற்காலிகளை இறக்குங்கள்

மதிப்பிற்குரிய மண்டபத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்து தீபாவளிக்கு முன்னால் நம் மண்டபத்தின் ஸ்னூக்கர் அறைக்கு, கோலால் பந்தடித்து ஆடும் அந்த அறைக்கு, பூட்டுப் போட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நேரே கேட்கிறேன். அந்த அறையைத் திறந்து விடுங்கள்.

போன வாரம் கல்யாண வேலையாக வந்தபோது கதவு ஒருக்களித்துக் கிடந்தது, எட்டிப் பார்த்தேன். 12 அடி மேசை மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. பச்சைத் துணியில் நாற்காலிக் கால்கள் பதிந்து குழி விழுந்திருக்கிறது. கூரை ஒழுகிய மூலையில் துணி கறுத்து உப்பிவிட்டது. அடியில் இருப்பது பலகை இல்லை ஐயா, கல். ஐந்து கற்பலகைகள். மட்டம் ஒரு நூல் தப்பினாலும் பந்து தானாக ஓரத்துக்கு உருண்டுவிடும்.

அந்த மேசை துரைமார் கிளப்பிலிருந்து வந்தது. என் தாத்தா அங்கே மார்க்கர். துரைமார் ஆட ஆட, பக்கத்தில் நின்று புள்ளி சொன்னவர். ஒரு நாள்கூட அவர் கையில் ஆடக் கோல் கொடுத்ததில்லை. தோட்டம் கைமாறியபோது மேசை நம் மண்டபத்துக்கு வந்தது. அவர் பேரப்பிள்ளைகள் நாங்கள் அதில்தான் ஆடிப் பழகினோம். இன்று எங்கள் பிள்ளைகளுக்கு மறுபடியும் கதவு சாத்தியாகிவிட்டது, அதுவும் நம் கையாலேயே.

“வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கு எதற்கு” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிறந்தது. 1882இல் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில், நம் நீலகிரியில்.

என் அக்காள் மகனுக்கு 15 வயது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் காலி சாஸ் போத்தலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் கோலை விட்டு விட்டு இழுக்கிறான். கண்ணாடியில் உரசாமல் போய் வந்தால் கை நேராக இருக்கிறதாம். தினமும் ஒரு மணி நேரம். பந்தே இல்லாமல்.

2025 ஜனவரியில் லண்டனில் மாஸ்டர்ஸ் ஸ்னூக்கர் போட்டி நடந்தது. அதற்கு மனுப் போட்டு நுழைய முடியாது, தரவரிசையில் முதல் 16 பேருக்கு மட்டும்தான் அழைப்பு. இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி மலேசியாவில் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 3 மணிக்கு. பள்ளி விடுமுறைதானே என்று நானும் கூட உட்கார்ந்தேன். ஷான் மர்ஃபி 10–7 என்று கைரன் வில்சனை வென்றார். மர்ஃபி அரையிறுதியில், ஒரே மூச்சில் வழக்கமாக எட்டக்கூடிய உச்சப் புள்ளியான 147ஐ எடுத்திருந்தார், 15 சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு, கடைசியில் வண்ணப் பந்துகள் அத்தனையும். அதைப் பையன் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். மர்ஃபி இதற்கு முன் இந்தப் பட்டத்தை வாங்கியது 2015இல். “பத்து வருஷம் விடாமல் ஆடியிருக்கார் மாமா,” என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பட்டணத்தில் மேசை இருக்கிறது. அங்கே புகை, பந்தயம், நள்ளிரவு வரை கூட்டம். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்துதானே பூட்டினீர்கள்? பூட்டிய பிறகு பெரிய பையன்கள் மோட்டாரில் போவது அங்கேதான். பொதுக்கூட்டம் தவறாமல் நம் இளைஞர்கள் வழிதவறுகிறார்கள் என்று பேசுகிறோம், கைதட்டுகிறோம். மைக்குக்கும் மாலைக்கும் பணம் இருக்கிறது, ஒரு கூரை ஓட்டுக்கு இல்லை. கண் முன்னால் இருந்த ஒரே இடத்தையும் நாற்காலிக் கிடங்காக்கிவிட்டு யாரைக் குறை சொல்வது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான், அறையைத் திறந்து விடுங்கள். மாலை 4 முதல் 8 வரை போதும். நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். சிகரெட்டும் பந்தயமும் உள்ளே வராது, அதற்கு நான் பொறுப்பு. புதுத் துணிக்கு நாங்கள் சில பெற்றோர் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். ஒழுகும் கூரை ஓடுகளை மட்டும் நீங்கள் மாற்றிக் கொடுங்கள்.

தைப்பூசத்துக்கு முன் சாவியைக் கொடுத்தால், நாற்காலிகளை நாங்களே இறக்கி மேடைக்குப் பின்னால் அடுக்கித் தருகிறோம். தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மார்க்கர் தாத்தாவின் பேரன்,
சுங்கை சிப்புட், மலேசியா