குழந்தையைக் காட்ட வரும் அம்மாவின் இருமலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருடம் செவிலியராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவள் நான். எச்ஐவி உள்ள குழந்தைகளைக் கவனிக்கும்போது அவர்களுடைய அம்மாக்களைக் கவனிக்காமல் விடுவது மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

1990-களின் கடைசியில் இந்தக் குழந்தைகள் வரும்போது எச்ஐவி கிருமியை அடக்கும் கூட்டு மருந்து எங்கள் கையில் கிடையாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரம் பார்த்து நிமோனியா, வயிற்றுப்போக்கு, டிபி என்று ஒன்று போக ஒன்று வரும். சந்தர்ப்பவாத நோய்த்தொற்று என்று இவற்றைச் சொல்கிறோம். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பால் மா என்று நினைத்து அம்மாக்கள் துணியால் துடைப்பார்கள். பால் என்றால் துடைத்ததும் வந்துவிடும். காளான் தொற்று என்றால் எளிதில் வராது, அழுத்தித் துடைத்தால் அடியில் ரத்தம் கசியும். ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சு வாங்கும். 'சளி கட்டியிருக்கு' என்று வீட்டில் சாம்பிராணிப் புகை போட்டுவிட்டு மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வருவார்கள். நிமிடத்துக்கு ஐம்பதைத் தாண்டி மூச்சு ஓடும், விலா எலும்புக்குக் கீழே குழி விழும். அதில் எத்தனையோ குழந்தைகளை நாங்கள் காப்பாற்றவில்லை.

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006-இல் குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வந்தது. கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து அம்மாவுக்கு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து என்று கொடுப்பதால் இப்போது பெரும்பாலான குழந்தைகள் தொற்று இல்லாமலே தப்பிக்கிறார்கள். நிமோனியா போன்ற தொற்றுகள் வராமல் தடுக்க ஆறாவது வாரத்தில் தொடங்கும் செப்ட்ரான் மருந்தை, குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை நிறுத்தக் கூடாது. 'நல்லாத்தானே இருக்கு' என்று பாதியில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண் தன் மூன்று வயது மகளோடு மாதாமாதம் வருவார். இருவருக்குமே எச்ஐவி. பஸ்ஸில் குலுங்கி யாருக்கும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக் கொண்டுவருவார். குழந்தைக்கு மருந்து ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் எடை ஏறவில்லை. டிபி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் குழந்தைக்கு நான்கு விஷயம் கேட்போம்: இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் இருப்பது, வீட்டில் யாருக்காவது டிபி. நான்காவதைக் கேட்டதும் அவர் முந்தானையால் வாயை மூடி முகத்தைத் திருப்பி இருமிவிட்டு, 'இல்ல சிஸ்டர்' என்றார். நானும் 'இல்லை' என்றே எழுதினேன்.

அவருக்குப் பரிசோதனை செய்தால்தானே அவருக்கே தெரியும்! பெரியவர்களுக்கான மையம் வேறு கட்டடத்தில், வேறு கிழமையில். குழந்தைக்கு ஒரு நாள், தனக்கு ஒரு நாள் என்று மாதத்தில் இரண்டு நாள் வியாபாரத்தை விட அவரால் முடியவில்லை. தன் நாளை விட்டுவிட்டார், அவருடைய எச்ஐவி மாத்திரையும் நின்றுபோயிருக்கிறது. இரண்டு மாதம் கழித்துக் குழந்தையின் கழுத்தில் நெறி கட்டியபோதுதான் அம்மாவின் சளியைச் சோதித்தோம். டிபி இருந்தது. குழந்தை தேறிவிட்டது, பாட்டியிடம் வளர்ந்தது. அம்மா தேறவில்லை.

அதற்கப்புறம் எந்தக் குழந்தை வந்தாலும் அம்மாவின் ஓ.பி. சீட்டையும் வாங்கிக் குழந்தையின் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வைக்க ஆரம்பித்தேன். அம்மாவையும் கேட்பேன்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்திருக்கிறதா, ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறதா? இரண்டு நிமிட வேலை. 'அம்மா நம்ம நோயாளி இல்லையே சிஸ்டர்' என்று மேலிடத்தில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பின்னை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே நாளில் இருவரையும் பார்க்கும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் இன்னமும் இரண்டு சீட்டோடு இரண்டு கட்டடத்துக்கு அலையும் அம்மாக்களைப் பார்க்கிறேன். சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான். எல்லா மையங்களிலும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில் மருந்து கொடுங்கள். அம்மாவுக்கு டிபி இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரையை அங்கேயே தொடங்குங்கள். இருமல் இருந்தால் சளி டப்பாவை அங்கேயே கையில் கொடுங்கள், இன்னொரு நாள் வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை.