மின்கம்பத்தைப் பார்த்தபடி ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

தங்கைக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு வீடியோ காலில் சிலை மாதிரி நின்றுவிடுகிறாயே என்று கேட்டிருந்தாய். இங்கே நெட் அப்படித்தான் திக்குகிறது. போன மாதம் கட்டணத்தை வேறு ஏற்றிவிட்டார்கள். போன் போட்டு, "வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன்" என்று மிரட்டினேன். அந்தப் பெண் பதறவே இல்லை. "சரி சார், எந்தத் தேதியில் துண்டிக்கட்டும்?" என்றாள். எங்கள் தெருவுக்கு வேறு நெட் கம்பெனி வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் ஒரு மின்கம்பம். உச்சியில் மின்சாரம், கீழே கேபிள், அதற்கும் கீழே பழைய போன் ஒயர். புதிதாக ஒருவர் ஒயர் இழுக்க வேண்டுமானால் ஏற்கெனவே இருப்பவர்கள் தங்கள் ஒயரை நகர்த்தி இடம் விட வேண்டும். போட்டிக்கு வருகிறவனுக்காக யார் அவசரப்பட்டு ஏணி எடுப்பார்கள்? ஒரே ஆள் எல்லா ஒயரையும் ஒரே தடவையில் நகர்த்தலாம் என்று 2016இல் எங்கள் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரசபை விதி போட்டது. புதிதாக வந்த கூகுள் ஃபைபர் என்ற நெட் கம்பெனிக்கு அது வசதி. ஏற்கெனவே ஒயர் வைத்திருந்த ஏடி அண்ட் டியும் காம்காஸ்ட்டும் வழக்குப் போட்டன. மறு வருடமே நீதிமன்றம் விதியை ரத்து செய்துவிட்டது.

கம்பத்தைத் தாண்டினாலும் கணக்கு உதைக்கும். தெரு முழுக்க ஒயர் இழுக்கிற செலவு இரண்டாவதாக வருகிறவனுக்கும் அதேதான். கிடைப்பதோ பாதி வீடு, அதுவும் விலையைக் குறைத்தால். முதலில் வந்தவன் போட்ட காசை எப்போதோ எடுத்துவிட்டிருப்பான், எந்த நேரமும் விலையை இறக்கி இவனை விரட்டலாம். நம் ஊரில் ஏரியாவுக்கு ஒரு கேபிள்காரர் என்று இருந்ததே, அதே கதைதான். என்ன, இங்கே கோட் போட்டிருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? பக்கத்துச் சட்டநூகா ஊரில் நகர மின்வாரியமே ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) போட்டு, 2010இலேயே ஊர் முழுக்க வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் நெட் கொடுத்தது. ஆனால் தன் மின்சார எல்லையைத் தாண்டி அது நெட் தரக்கூடாது என்பது டென்னசி மாநிலச் சட்டம். 2015இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அந்தச் சட்டத்தை ஒதுக்கித் தள்ளியது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம்.

சரி, புலம்பியது போதும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், வீடியோ வேண்டாம், குரல் போதும்.

அன்புடன்,
ரவி