பிளேஆஃப் டிக்கெட் காசு 1,800 ரூபா எப்போ வரும்?

வணக்கம் சார்,

நான் கொல்லங்கோடு பக்கம், கன்னியாகுமரி ஜில்லா. கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் டீமோட 2024-25 ஐ.எஸ்.எல். சீசன் ஹோம் மேட்ச் டிக்கெட் எனக்கும் மவனுக்கும் உங்க கிட்டதான் எடுத்தேன். ஜனவரில உங்க ஆளு போன் பண்ணி, பழைய கோச் ஸ்டாரே போயாச்சு, புது கோச் புருஷோத்தமன் வந்ததுலேர்ந்து ஜெயிக்குறாங்க, ஒடிஷாவ 3-2 அடிச்சாச்சுல்ல, லீக் முடிஞ்சு கோப்பைக்கு நடக்குற பிளேஆஃப் ஹோம் மேட்சையும் இப்பவே சேர்த்துக்கோங்கன்னு சொல்லி 1,800 ரூபா வாங்கினாரு. டீம் 24 மேட்ச்ல 11 தோத்து எட்டாவது வந்துது. அந்த சீசன்ல முதல் ஆறு டீமுக்குத்தான் பிளேஆஃப். நடக்காத மேட்சுக்கு வாங்கின காச திருப்பிக் குடுங்கன்னு மார்ச்லேர்ந்து கேக்குறேன், ஏழு மெயில் போட்டாச்சு, போன் பண்ணினா "நோக்காம்"னு (பாக்கலாம்னு) மலையாளத்துல ஒரே வார்த்தை.

சரி நேர்லயே போவோம்னு ஒரு நாள் கூலிய விட்டுட்டு குழித்துறைல ரயில் ஏறி எறணாகுளம் வந்து மெட்ரோ பிடிச்சு கலூர்ல இறங்கி உங்க ஆபீஸ்ல ரெண்டு மணிநேரம் நின்னேன் சார், உக்கார ஒரு சேர் தரல. கவுண்டர்ல இருந்த பையன் போன்லேர்ந்து தலைய தூக்காமலே "டீம் தோத்ததுக்கு எங்ககிட்ட வந்தா எப்படி, போய் கோச்சுகிட்ட கேளு"ன்னு சொல்றான். என் வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? பக்கத்துல மவன் மஞ்ச ஜெர்சி போட்டுட்டு நிக்கான்.

டீம் ஏன் தோத்துதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோல் அடிக்குற டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்கால் டீமுக்குப் போனதுதான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அவருக்குப் பதிலா வந்த ஹிமேனெஸ் 11 கோல் போட்டாருல்ல. ஓட்டை பின்னாடி, டிஃபென்ஸ்ல. திருவோணத்தன்னைக்கு முதல் மேட்ச், பஞ்சாப் கூட, இஞ்சுரி டைம்ல சமன் பண்ணினோம், மவன் என் தோள்ல ஏறி கத்துறான், ரெண்டு மூணு நிமிஷம்தான், 95வது நிமிஷத்துல அவங்க அடிச்சுட்டாங்க. ஊர் வந்து சேர்ற வரைக்கும் பிள்ள ஒரு வார்த்தை பேசல. அப்புறம் பெங்களூரு 1-3, ஹைதராபாத் 1-2, கோவா 0-1, எல்லாமே கலூர்லதான். கொல்கத்தால மோகன் பகான் கூட 86வது நிமிஷம் வரைக்கும் 2-1 முன்னாடி நின்னு 2-3 தோத்தாங்க. அதுக்கப்புறம்தான் கோச்ச மாத்தினாங்க, அதுக்குள்ள 12 மேட்ச்ல ஜெயிச்சது மூணே மூணு. ரசிகர் கூட்டம் மஞ்ஞப்படை பிள்ளைங்க இனி டிக்கெட் எடுக்க மாட்டோம்னு டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சுதானே பிளேஆஃப் டிக்கெட்ட என் தலைல கட்டினீங்க? பிப்ரவரி 15, மோகன் பகான் கலூர்ல வந்து 0-3 அடிச்சுட்டுப் போனப்பவே அந்த மேட்ச் வராதுன்னு தெரிஞ்சுபோச்சு.

தோத்ததுக்கு காசு கேக்கல சார். தோத்த மேட்ச் எல்லாத்தையும் கடைசி விசில் வரைக்கும் உக்காந்து பாத்தேன், அதுக்கு ஒரு ரூபா வேண்டாம். நடக்காத மேட்ச் காசுதான் கேக்குறேன். எனக்கு ஆன செலவும் மனக்கஷ்டமும் கணக்குப் போட்டா ஒரு லட்சம் வரும்.

தயவு செஞ்சு 15 நாளைக்குள்ள அந்த 1,800 ரூபாய நான் காசு அனுப்பின அதே அக்கவுண்ட்ல போட்டுருங்க. இல்லேன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுவேன், நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்லயும் கேஸ் போடுவேன். நான் குடியிருக்குற ஜில்லாவுலயே போடலாம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, அப்போ ரயில் ஏறி வர வேண்டியது நீங்கதான். அந்தப் பையன் என் மவன் முன்னாடி பேசினதுக்கு ஒரு மன்னிப்பும் எழுத்துல வேணும்.

ரசீது போட்டோவும் ஏழு மெயிலும் இதோட சேர்த்திருக்கேன்.